பாம்பன் மழையில் தேறாத ஜாக்கெட்

பாம்பனில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை என்றால் ராமேஸ்வரத்துக் கெந்தமாதன பர்வதம்தான். ராமர் பாதம் இருக்கிற அந்த மணல்மேட்டில் ஏறி முடிக்க ஒரு பொட்டலம் சுண்டல் காலியாகும் நேரம்கூட ஆகாது. பெயரில் மட்டும் பர்வதம். அதனால் 2023 டிசம்பரில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தாவுக்குப் பனிக்கால டிரெக்கிங் போகலாம் என்று பரமக்குடி நண்பன் கூப்பிட்டபோது, மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நனையாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். வேலைக்காக நான் தினமும் பைக்கில் பாலத்தைக் கடந்து மண்டபம் போகிறவன். வாடைக்காற்று அடிக்கிற நாட்களில் போகும்போது வலது காதும் திரும்பி வரும்போது இடது காதும் அடைத்துக்கொள்ளும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். பைக்குக்கு அப்படி சிக்னல் கிடையாது. அந்த மழைக்கெல்லாம் தாக்குப்பிடித்த என் மழைக்கோட்டு, உள்ளே ரப்பர் பூச்சு போட்டது, ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை. அதையே மடித்து பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

டேராடூனிலிருந்து ஒரு முழுப் பகல் வண்டிப் பயணம் சாங்க்ரி கிராமத்துக்கு. அங்கே எங்கள் வழிகாட்டி என் கோட்டின் நுனியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். லேசாகச் சிரித்தார். கடையில் வாடகைக்கு வேறு ஜாக்கெட் கிடைக்கும், எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் ஊர் மழையை இவர் பார்த்திருக்க மாட்டார் என்று எண்ணிக்கொண்டு வேண்டாம் என்றேன்.

முதல் நாள் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை முகாம் வரை ஏற்றம். கிளம்பும்போதே பனி தூவத் தொடங்கியது. கோட்டை மாட்டிக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். உள்ளே பருத்தி பனியன், அதன் மேல் ஒரு ஸ்வெட்டர். அரை மணி நேரத்தில் முதுகில் வேர்வை ஓடியது. குளிர்தேசத்தில் வேர்ப்பது நல்ல அறிகுறிதானே என்றுகூடத் தோன்றியது. டீ குடிக்க நின்றபோதுதான் வினை ஆரம்பித்தது. நடக்கும்போது இருந்த சூடு இரண்டு நிமிடத்தில் அடங்க, ஈர பனியன் முதுகில் ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டது. பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் விடாது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது வரம். அங்கே அதுவே எமன்.

உச்சி ஏறும் நாளில் அதிகாலை மூன்று மணிக்குக் கிளப்பிவிட்டார்கள். முந்தின இரவே கோட்டின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து ஜிப்பைத் திறந்து தடவிப் பார்த்தால் கையில் சொரசொரவென்று என்னவோ ஒட்டியது. என் வேர்வைதான். ஆவியாகி, ரப்பர் பூச்சில் முட்டி, அங்கேயே உறைந்து கிடந்தது. உலையில் இருக்கிற சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கினால் அடியில் தண்ணீர் கோத்து நிற்குமே, அந்தக் கதை. கடைசிச் செங்குத்துக்குக் கீழே எனக்கு நடுக்கம் பிடித்தது. பல் கிட்டித்துப் பேச்சு குழறியதும் வழிகாட்டி யோசிக்கவே இல்லை. ஈர பனியனைக் கழற்றச் சொல்லி, தன் பையிலிருந்த உலர்ந்த சட்டையைப் போட்டுவிட்டு, உதவியாளரோடு என்னைக் கீழே அனுப்பிவிட்டார். சுமார் 3,800 மீட்டர் உச்சியை நான் பார்க்கவில்லை. நண்பன் போனில் காட்டிய போட்டோவில்தான் பார்த்தேன்.

கூடாரத்தில் இருந்த அந்த அரைநாளில் யோசித்தது ஒன்று. பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஏமாந்துபோகிறோம். நமக்குப் பனி என்றால் மார்கழியில் இறங்குவது, தலையை நனைப்பது, அம்மா துண்டு கட்டிவிடுவது. அங்கே மைனஸ் பத்தில் விழுகிற பனி வாலிநோக்கம் உப்பளத்து உப்பைப் போல உலர்ந்து கிடக்கிறது. தோளைத் தட்டினால் உதிர்ந்துவிடும். அதற்குப் பயந்து ரப்பர் கோட்டை மூடிக்கொண்ட நான் நனைந்தது முழுக்க என் உடம்பின் தண்ணீரால். உண்மையில் நனைக்கிற பனி, வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது விழுகிற ஈரப்பனி. மலையில் இன்னும் கீழே இறங்கினால் அதுவே மழை. ஈரமும் காற்றும் சேர்ந்த அந்தக் குளிரில் மைனஸ் கணக்கு இல்லாமலேயே உடம்பு விறைத்துவிடும். நல்ல ஜாக்கெட் ஒன்று பையில் இருக்க வேண்டிய காரணம் அதுவும், உச்சிக்கு அருகில் அடிக்கிற காற்றும்.

திரும்பி வந்து ஒரு வருடம் படித்தேன், கேட்டேன், கடைகளில் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது எண்களைத்தான். 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று எழுதியிருக்கும். துணியின் மேல் தண்ணீரைக் குழாயில் நிறுத்தி, எவ்வளவு உயரம் வரை ஒழுகாமல் தாங்குகிறது என்று பார்க்கும் கணக்கு அது. 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீர். மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. ஆனால் பையின் வார் தோளை அழுத்தும் இடம், ஈரப்பனியில் உட்காரும் இடம், மண்டியிடும் இடம் இவற்றில் அழுத்தம் கூடும். அதனால் பத்தாயிரம் போதும், இருபதாயிரம் இருந்தால் நிம்மதி, அதற்கு மேல் எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் முடிவு.

அடுத்த எண், ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நீராவியை வெளியே விடுகிறது என்பது. இதை நான் அதிகம் நம்புவதில்லை. ஆளுக்கொரு முறையில் சோதிக்கிறார்கள், ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ரெட் (RET) என்று ஓர் அளவு சில ஜாக்கெட்டுகளில் போட்டிருப்பார்கள். அது ஆவி வெளியேறுவதைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்ற கணக்கு, குறைவாக இருந்தால் நல்லது. ஆறுக்குக் கீழே என்றால் பிரமாதம், இருபதைத் தாண்டினால் ஏறும்போது அவிந்துபோவோம்.

எண்களைவிடத் துணியின் கட்டுமானம் முக்கியம். இந்த ஜாக்கெட்டுகளில் வேலை செய்வது நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு. கோர்-டெக்ஸ் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். 1969-ல் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது அது நுண்துளைகளோடு நீண்டது. அதிலிருந்து பிறந்தது அந்தச் சவ்வு. துளைகள் தண்ணீர்த் துளியைவிடப் பல ஆயிரம் மடங்கு சின்னவை, நீராவியின் மூலக்கூறைவிடப் பெரியவை. ஆகவே மழை உள்ளே வராது, ஆவி வெளியே போகும். வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றையும் ஒன்றாக ஒட்டியது மூன்று அடுக்கு. உள்துணிக்குப் பதில் பூச்சு மட்டும் கொடுத்தது இரண்டரை அடுக்கு. இது எடையும் விலையும் குறைவு, ஆனால் உள்ளே பிசுபிசுக்கும், பை தூக்கி நடந்தால் சீக்கிரம் தேயும். பனியில் ஏறப் போகிறவர்கள் மூன்று அடுக்குக்கே போகலாம்.

சரி, பதினாறாயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மாமா காதில் விலையைப் போடவில்லை. வந்ததும் போட்டுப் பார்க்கும் ஆசை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்த சில நாட்களில் மழை விட்டுவிட்டுப் பெய்தபோது, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் பக்கமாக வேக நடை போனேன். இருபது நிமிடம். வீட்டுக்கு வந்து கழற்றினால் சட்டை பிழிகிற அளவுக்கு ஈரம். ரப்பர் கோட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வாங்கிய கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். ஒழுகுகிறது, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எதிர்முனையில் இருந்தவருக்கு விளக்கத் தெரியவில்லை, எனக்குக் கேட்கப் பொறுமையில்லை.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமா, நாட்டுப்படகில் தொழில் செய்கிறவர், எழுந்து வந்து ஜாக்கெட்டின் உள்பக்கத்தை நக்கிப் பார்த்தார். நிஜமாகத்தான்.

"மாப்ள, இது மழத்தண்ணி இல்ல. உப்பு கரிக்குது. ஒன் வேர்வதான்."

பரமக்குடி நண்பன் மீதியை விளக்கினான். சவ்வுக்கு ஊதித் தள்ளும் சக்தியெல்லாம் கிடையாது. உள்ளே ஆவி அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம் இருந்தால்தான் ஆவி வெளியே நகரும். மழைக்கால பாம்பனில் 28 டிகிரி வெக்கையில் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. வேர்வை எங்கே போகும்? மைனஸ் 5 டிகிரி காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவி, 28 டிகிரி காற்று தாங்குவதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். அந்தக் காற்று ஆவிக்கு வாய் பிளந்து காத்திருக்கும். ஆகவே பனிமலை ஜாக்கெட்டைக் கடற்கரையில் சோதிப்பது, தூண்டிலைக் கிணற்றில் போட்டு மீன் கடிக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். ஊரில் சோதிக்க வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம். ஜாக்கெட்டைக் கொடியில் தொங்கவிட்டு, தையல்களின் மேல் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றி, உள்பக்கம் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பார்க்கலாம். தையல்களின் உள்ளே எல்லா இடத்திலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கலாம். என்னுடையது இரண்டிலும் தேறியது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதே அழைப்பில் அளவையும் மாற்றிக்கொண்டேன். நான் வாங்கியது எம். சட்டைக்கு மேல் கச்சிதமாக இருந்தது, அதுதான் தப்பு. வெளிக்கூடாக மேலே போடும் இந்த ஜாக்கெட், உள்ளே இருக்கிற கம்பளி வகையறாக்களை நெருக்கக் கூடாது. வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் நசுங்கினால் சூடு போய்விடும், ஏனென்றால் சூட்டைப் பிடித்து வைப்பது இறகுக்கு நடுவில் இருக்கும் காற்றுதான். வெயில் கொளுத்துகிற ஊரில் ஸ்வெட்டரும், ஃபிளீஸ் என்கிற பஞ்சுபோன்ற செயற்கைத் துணிச் சட்டையும் போட்டுக்கொண்டு, மேலே எல் சைஸை மாட்டி, இரண்டு கையையும் ஓட்டுவீட்டு எரவாணத்தைத் தொடுவதுபோல் தூக்கிப் பார்த்தேன். அடிவிளிம்பு இடுப்பைவிட்டு ஏறக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. தெருவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

2025 ஜனவரியில் மறுபடி அதே கேதார்காந்தா. இந்தத் தடவை பருத்தி ஒரு நூல்கூட உடம்பில் இல்லை. அடியில் பாலியஸ்டர் சட்டை, மேலே மெல்லிய ஃபிளீஸ். ஜாக்கெட் பைக்குள். கிளம்பும்போது கொஞ்சம் குளிர்ந்தால்தான் சரி, பத்து நிமிடத்தில் உடம்பு சுட்டுவிடும் என்று வழிகாட்டி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வேர்க்கத் தொடங்கினால் நடையைக் குறை, அல்லது ஒரு துணியைக் கழற்று. நிற்கும்போது உடனே இறகு ஜாக்கெட்டை மேலே போடு, குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் பிரயோஜனமில்லை. உள்ளபடி சொன்னால் பதினாறாயிரம் ரூபாய் ஜாக்கெட் பாதி நேரம் என் முதுகுப் பையில்தான் தூங்கியது. உச்சி நாளில் காடு முடிந்து முகடு தொடங்கும் இடத்தில் காற்று அறைந்தபோது எடுத்து மாட்டினேன். அக்குள் ஜிப்புகளை முழுக்கத் திறந்தேன். சவ்வு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், செங்குத்தாக ஏறுகிறவன் விடுகிற வேர்வை முழுவதையும் அது வெளியேற்றாது. அக்குள் ஜிப் இல்லாத ஜாக்கெட்டை நான் இனி வாங்க மாட்டேன். அதையும் மீறி உள்ளே கொஞ்சம் உறைபனி படிந்திருந்தது. ஆனால் சட்டை உலர்ந்து இருந்தது. சூரியன் வரும்போது உச்சியில் நின்றேன். நண்பன் போட்டோவில் பார்த்தது அப்படியே இருந்தது. என்ன, காற்று போட்டோவில் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் மணாலிப் பக்கம் மூன்று நாள் பனிச்சரிவில் கயிறு கட்டி ஏறும் பயிற்சி. நடக்கிறவனுக்குப் போதுமான ஜாக்கெட் ஏறுகிறவனுக்குப் போதாது என்று அங்கே புரிந்தது. ஹெல்மெட்டுக்கு மேல் என் தலைமூடி ஏறவில்லை. ஹெல்மெட்டுக்கு அடியில் போட்டால் தலையைத் திருப்பும்போது கண் மறைந்தது. இடுப்பில் ஹார்னஸ் (கயிற்றைப் பிணைக்கும் வார்ப்பட்டை) மாட்டியதும் இரண்டு பாக்கெட்டும் அதற்கடியில் மாட்டிக்கொண்டன, சாக்லெட் எடுக்க ஹார்னஸைத் தளர்த்தவா முடியும்? ஏற நினைப்பவர்கள் நெஞ்சுயரத்தில் பாக்கெட் இருக்கிறதா, ஜிப் கீழிருந்தும் திறக்கிறதா, கைமுனை வெல்க்ரோ கையுறைக்கு மேல் சுற்றி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்கோடரியும் பாறையும் உரசுகிற வேலைக்கு 20 டீனியர் (நூலின் கனத்தைச் சொல்லும் அளவு) மெல்லிய துணி வேண்டாம், 40-க்கு மேல் கனம் இருக்கட்டும். எடை சில நூறு கிராம் கூடும், கூடட்டும். தடித்த கையுறையோடு ஜிப்பின் சின்ன நாக்கைப் பிடிக்கவே முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய தொல்லை. ஒவ்வொரு தடவையும் பல்லால் கடித்து இழுத்தேன்.

ஊருக்குக் கொண்டுவந்த பிறகு பராமரிப்பு என்ற தனித் தலைவலி. மலைக்காரர்களுக்கு இல்லாத மூன்று எதிரிகள் எங்களுக்கு உண்டு: உப்பு, எண்ணெய், புழுக்கம். கடற்காற்றின் உப்பு துணியில் படிந்தால் அதுவே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உலோக ஜிப்பையும் தின்னும். எண்ணெய் என்றால் நம் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்தான். என் ஜாக்கெட்டின் தலைமூடி விளிம்பில்தான் முதலில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. புதிதில் வெளித்துணி மேல் தண்ணீர் தாமரை இலையில் உருள்வதுபோல் உருளும். அதற்குக் காரணம் மேலே போட்டிருக்கும் ஒரு பூச்சு. அழுக்கும் எண்ணெயும் ஏறினால் அது சோர்ந்துபோகும், வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், ஆவி வெளியேற வழி அடைபடும். உள்ளே ஈரமாகும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று பலர் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். சவ்வு நன்றாகவே இருக்கும். மிதமான சோப்புக் கரைசலில் அலசி, துணிக்கு மணம் தரும் மென்மையாக்கி எதுவும் சேர்க்காமல், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கசக்கி, நிழலில் உலர்த்தி, லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு மெல்லிய துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு மறுபடி உயிர் பெறும். உயிர் பெறாவிட்டால் தெளிக்கும் பூச்சு தனியாக விற்கிறது.

புழுக்கம்தான் மூன்றிலும் மோசம். என் தம்பியின் பழைய விண்ட்சீட்டர் ஒன்றை அம்மா அக்கறையாகப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இரும்புப் பீரோவில் வைத்திருந்தார். நாலு வருடம் கழித்து எடுத்தால் உள்பூச்சு பாம்புச் சட்டை மாதிரி உரிந்து கையோடு வந்தது, புளித்த வாடை வேறு. பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதைந்துபோகும். அதனால் என் ஜாக்கெட் கவரில் இல்லை, மடித்தும் வைப்பதில்லை. காற்றோட்டமான உள்ளறையில் ஹேங்கரில் தொங்குகிறது.

மாமாவின் மழைக்கோட்டு வெளியே ஆணியில் தொங்குகிறது. கடலுக்குப் போய்வந்ததும் மீன் செதிலோடு கிடக்கும் அதன்மேல் இரண்டு வாளி நல்ல தண்ணீரை ஊற்றுவார், அத்தோடு சரி. ஒருநாள் என் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தார். கையைத் தூக்கினார், குனிந்தார், வலை இழுப்பதுபோல் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"லேசா இருக்கு மாப்ள. ஆனா எனக்கு ஆகாது. கடல்ல வேர்த்தா கழுத்த தொறந்து விட்டுக்குவேன். இதுல செதில் பட்டா நீ அழுதுருவ."

கழற்றிக் கொடுக்கும்போது ஜிப்பில் இருந்த பல் தடத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். கையுறைத் தொல்லையைச் சொன்னேன். உள்ளே போய் வலைக்கு வாங்கி வைத்திருந்த பச்சை நைலான் நூல்கண்டை எடுத்து வந்து, ஐந்து ஜிப்புகளிலும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வளையம் போட்டு, வலை முடிச்சால் இறுக்கி, நுனியைத் தீக்குச்சியில் உருக்கிவிட்டார்.

"எவ்வளவுக்கு வாங்குன?"

இந்தத் தடவை சொன்னேன். அவர் நூல்கண்டைச் சுற்றி வைத்துவிட்டு, ஜாக்கெட்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.